கோட்டாற்றில் வார்த்த சீமைப் பிஸ்டன்

சர்க்கார் உத்தியோகத்தில் பதினோரு வருஷம் பூர்த்தியான ஒருவனுக்குத் தன்னால் எதையும் செய்துவிட முடியும் என்று ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. ஒன்றும் செய்யாமலே பதினோரு வருஷத்தைத் தள்ளியவனுக்கு வேறு என்ன எண்ணம் வரும்? எனக்கு அது 1951-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் வந்தது. நான் ஒரு மோட்டார் கார் செய்வது என்று தீர்மானித்தேன்.

வாங்குவது என்று சொல்லவில்லை. செய்வது.

என் பெயர் கிருஷ்ணமணி. நாகர்கோவிலில் வண்டிகளைப் பதிவு செய்யும் ஒரு கச்சேரியில் குமாஸ்தா. திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம் நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் கச்சேரியில் கோப்புகள் இங்கிலீஷில் நகரும். மேலிடத்துத் திட்டு மலையாளத்தில் வரும். வாசலில் நிற்பவர்களின் கெஞ்சல் தமிழில் நடக்கும். அந்தக் கெஞ்சலை இங்கிலீஷில் மாற்றி நிராகரிப்பது என் வேலை. ஒரு மனுவைக் கையில் வாங்கினால் அதில் என்ன இல்லை என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். என்ன இருக்கிறது என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

டாக்டர்கள், வக்கீல்கள், தோட்ட முதலாளிகள் எல்லோருடைய கார்களுக்கும் நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் நான் சைக்கிளில் வீட்டுக்குப் போவேன். நான் நம்பர் கொடுத்த கார்களே பின்னால் வந்து ஹாரன் அடித்து என்னை ஓரமாகப் போகச் சொல்லும். இது நீதியா என்று பதினோரு வருஷம் யோசித்துத்தான் அந்தத் தீர்மானத்துக்கு வந்தேன்.

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன சின்னக் கார் கிடந்தது. அதில் கோழிகள் குடியிருந்தன. மேல்கூடு முழுவதும் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. அடிச்சட்டமும் சக்கரங்களும் எஞ்சினும் மட்டும் பாக்கி. அதை மாட்டு வண்டியில் ஏற்றி வடசேரியில் என் வீட்டுப் பின்கட்டில் கொண்டுவந்து இறக்கினேன். என் மனைவி சொர்ணம்மாள் கை துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்க, இது என்ன?"

"கார்."

அவள் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "எது?" என்று கேட்டாள்.

எஞ்சினைத் திறந்து பார்த்தபோது நானும் அதையேதான் கேட்டுக்கொண்டேன். நாலு பிஸ்டன்களில் மூன்று உடைந்திருந்தன. நாலாவது இல்லவே இல்லை. பிஸ்டனைத் தாங்குகிற தண்டு ஒன்று முறிந்து எஞ்சின் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அந்தக் காரைச் செய்த கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். கம்பெனி யுத்தத்துக்கு முன்னாலேயே மூடப்பட்டுவிட்டது என்று தபால் இலாகா வருத்தத்துடன் கடிதத்தைத் திருப்பி அனுப்பியது. திருப்பி அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அப்படி ஒன்று திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை.

ஆக, பாகங்களையும் செய்தாக வேண்டும்.

பிஸ்டன் என்பது எஞ்சினின் உருளைக்குள் மேலும் கீழும் போய்வருகிற ஒரு கவிழ்த்த டம்ளர். சொர்ணத்துக்கு அப்படித்தான் விளக்கினேன். அவளுக்கு உடனே புரிந்தது. புரிந்ததும் தன் டம்ளர்களை எண்ணி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

கோட்டாற்றில் மீரா முகைதீன் என்று ஒருவர் கடைசல் பட்டறை வைத்திருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். வண்டிச் சக்கரத்துக்கு இருசுக் குழாய், நெல் மில்லுக்குத் தண்டு, கிணற்றுக்கு ராட்டினம், எதைக் கேட்டாலும் கடைந்து கொடுப்பார். பட்டறையில் ஒரே ஒரு லேத்து. கரண்டு கிடையாது. ஒரு பெரிய சக்கரத்தை ஆள் நின்று சுற்றினால்தான் லேத்து ஓடும்.

உடைந்த பிஸ்டனைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்க்கிற மாதிரி மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தார்.

"செய்யலாம் சாரே. ஆனா நல்ல அலுமினியம் வேணும். சந்தையில விக்கப்பட்ட சட்டி கொள்ளாது. யுத்தத்துல ஏரோப்ளேன் செஞ்ச அலுமினியம்னா கொள்ளாம்."

"ஏரோப்ளேனுக்கு நான் எங்க போக?"

"உடைச்ச ஏரோப்ளேனை உருக்கிப் பாத்திரம் செஞ்சு விக்கானே. உம்ம வீட்டுல இட்லிக் கொப்பரை இருக்கா?"

இருந்தது. விமான அலுமினியம் என்று கடைக்காரன் சொன்னதற்காகவே தெருவில் எல்லோரும் வாங்கினார்கள். சொர்ணமும் வாங்கினாள். வெண்கலப் பானையில் வெந்த இட்லியை மதியாத காலம் அது. என் வீட்டுக் கொப்பரை பர்மா யுத்தத்தில் கலந்துகொண்டிருக்கலாம் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை. சுசீந்திரம் தேருக்குக் காரில் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு போனேன். எந்த வருஷத்துத் தேர் என்று அவள் கேட்கவில்லை. கச்சேரிப் பழக்கத்தில் நானும் சொல்லவில்லை.

அளவுகளை எழுதி ஒரு திட்ட வரைபடம் தயாரித்தேன். மூன்று பிரதிகள். ஒன்று பட்டறைக்கு, ஒன்று எனக்கு, ஒன்று கோப்புக்கு. கோப்பு எது என்று மீரா முகைதீன் கேட்டார். இனிமேல்தான் திறக்க வேண்டும் என்றேன். அவர் தன் பிரதியை மரியாதையாக வாங்கி, சிரட்டைக்கரி உலை பற்றாதபோது உபயோகித்தார்.

மணலில் அச்சு எடுத்து, கொப்பரையை உருக்கி ஊற்றி, ஆறவிட்டு, லேத்தில் மாட்டினோம். சக்கரம் சுற்ற ஆள் வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே சுற்றினேன். மனுக்களை ஆறு மாதம் நகரவிடாமல் வைக்கத் தெரிந்த இந்தக் கைகளுக்கு, ஒரு சக்கரத்தை ஆறு நிமிஷம் நகர்த்துவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

கடைசி அளவு எடுக்கும்போது எங்களுக்குள் தர்க்கம் வந்தது.

"உருளைக்க வாய் எவ்வளவோ, பிஸ்டன் அதே அளவு இருக்கணும் காக்கா. இடைவெளியே கூடாது. இடைவெளின்னா அலட்சியம்னு அர்த்தம்."

"சூடு ஏறினா அலுமினியம் பெருக்கும் சாரே. அதுக்கு மூச்சு விட எடம் வேணும். ஒரு பீடி இலை கனம் விடுவோம்."

"பீடி இலைங்கது அங்கீகரிக்கப்பட்ட அளவு இல்ல."

சொன்னதோடு நிற்கவில்லை. என் பிரதியில் அதை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மீரா முகைதீன் பிஸ்டனை லேத்தில் மாட்டினார். "உம்ம வண்டி" என்றார். சொன்ன அளவுக்கே கடைந்து கொடுத்தார்.

எஞ்சின் ஓடியது. சரியாக ஒன்றேகால் நிமிஷம் ஓடியது. பிறகு பன்றியை அடிப்பது போல் ஒரு சத்தம் கேட்டது. பிஸ்டன்கள் உருளைக்குள் பெருத்துப் பிடித்துக்கொண்டு நின்றன. யுத்தத்தில் தப்பித்த ஏரோப்ளேன் என் பின்கட்டில் உயிரை விட்டது. சொர்ணம் அடுக்களை வாசலில் நின்று, "எனக்க கொப்பரை" என்று மட்டும் சொன்னாள்.

மறுபடி உருக்கினோம். மறுபடி சக்கரம் சுற்றினேன். இந்தத் தடவை மீரா முகைதீன் தன் பீடி இலைக் கட்டிலிருந்து ஓர் இலையை எடுத்து, பிஸ்டனுக்கும் உருளைக்கும் நடுவில் விட்டு இழுத்துப் பார்த்தார். பிடிக்காமலும் ஆடாமலும் வந்தது. தலையை ஆட்டினார். அந்த அளவுகோலிலேயே கொஞ்சம் புகையிலை வைத்துச் சுருட்டிப் பற்றவைத்துக்கொண்டார்.

லாரியின் முறிந்த அச்சிலிருந்து தண்டும், எஞ்சின் சுவர் ஓட்டைக்கு ஒரு தகடும் முதலிலேயே அடித்துக் கொடுத்திருந்தார். இப்போது பழைய வார்ப்பிரும்புக் குழாயை அறுத்துப் பிஸ்டன் வளையங்கள் கடைந்தார். வெடித்திருந்த எஞ்சின் மூடியைப் புதிதாகவே வார்த்தார். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் ஓர் ஓரத்தில் உளியை வைத்து இங்கிலீஷில் மூன்று எழுத்து அடிப்பார். எம்.எம்.கே. மீரா முகைதீன், கோட்டாறு. இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்தது அந்த மூன்று எழுத்துதான். கணக்காகப் பார்த்தால் இரண்டு.

"எதுக்கு காக்கா இது?"

"பழுது வந்தா யாரைத் திட்டணும்னு தெரியாண்டாமா?" என்றார்.

மேல்கூட்டைக் கடியப்பட்டணத்திலிருந்து வந்த ஓர் ஆசாரி அயினிப் பலகையில் செய்தார். அவர் அதுவரை வள்ளம் மட்டும்தான் செய்தவர். ஆகவே கார் முன்பக்கம் கூர்ந்து, நடுவில் அகன்று, பின்பக்கம் மறுபடி கூர்ந்து இருந்தது. தண்ணீரில் விட்டாலும் மிதக்கும் என்று உத்தரவாதம் கொடுத்தார். தெருவில் போகும் என்பதற்கு மட்டும் அவர் பொறுப்பேற்கவில்லை.

1953 ஆவணியில் கார் தெருவுக்கு வந்தது. ஓடியது. நின்ற இடத்திலிருந்து மறுபடி கிளம்பவும் செய்தது. இனி ஒன்றுதான் பாக்கி. அதைப் பதிவு செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சுற்றறிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. "பதிவு பெறாத உள்நாட்டுப் பட்டறைகளில் உற்பத்தியான எஞ்சின் பாகங்கள் பொதுஜன க்ஷேமத்துக்கு விரோதமானவை. அவை பொருத்தப்பட்ட வண்டிகளுக்குப் பதிவு மறுக்கப்படும். மேற்படி பட்டறைகள் முத்திரையிட்டு மூடப்படும்." இதுதான் அதன் சாரம். நாலு வருஷமாக அமலில் இருந்தது. பட்டறைகளைப் பதிவு செய்வது எப்படி என்று அதில் சொல்லப்படவில்லை. ஆகவே ராஜ்யம் முழுவதிலும் பதிவு பெற்ற பட்டறை ஒன்றுகூடக் கிடையாது. அந்தச் சுற்றறிக்கையின் இங்கிலீஷைத் திருவனந்தபுரத்தில் பெரியவர்கள் ரொம்பப் பாராட்டினார்கள்.

எழுதியவன் நான்தான்.

மனுப் போட்டேன். என் மனு முறைப்படி என் மேஜைக்கே வந்தது. பதிமூன்று வருஷப் பழக்கம் லேசில் விடுமா? மூன்று தடவை குறை கண்டுபிடித்து எனக்கே திருப்பி அனுப்பினேன். நாலாவது தடவை எனக்கே அலுத்துப்போய், வண்டியைச் சோதனைக்கு அனுப்பினேன்.

சோதனை செய்ய வந்தவர் எங்கள் இன்ஸ்பெக்டர் வைகுண்டராஜன். யோக்கியமான மனுஷர். லஞ்சம் வாங்கமாட்டார். அதனால் அவரிடம் எந்தக் காரியமும் நடக்காது என்று ஊரில் பேர். காரைச் சுற்றிப் பார்த்தார். முன்பக்கத்தைத் தட்டிப் பார்த்து, "துடுப்பு எங்கே வேய்?" என்றார். பிறகு எஞ்சினைத் திறக்கச் சொன்னார்.

புது மூடி பளபளவென்று இருந்தது. அதன் ஓரத்தில் விரலை வைத்துத் தடவினார். "எம்.எம்.கே." என்று வாசித்தார். சீட்டுக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்த உபரி பிஸ்டனையும் எடுத்துப் பார்த்தார். அதிலும் அதுவே.

"இது எந்தக் கம்பெனி கிருஷ்ணமணி?"

நான் வாயைத் திறந்தேன். கோட்டாறு என்று சொல்லத்தான் திறந்தேன். சொன்னால் மீரா முகைதீனின் பட்டறைக்கு முத்திரை விழும். அவருடைய ஒரே லேத்து உள்ளே போய்விடும். அதனால்தான் சொல்லவில்லை என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை என்னவென்றால், அந்த நிமிஷத்தில் எனக்கு லேத்து ஞாபகம் வரவில்லை. கார்தான் ஞாபகம் வந்தது.

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. வைகுண்டராஜன் பிஸ்டனை வெயிலில் காட்டித் திருப்பினார்.

"ஜெர்மனியா இருக்காது. ஜெர்மன்காரன் கனமாச் செய்வான். இங்கிலாந்துதானே?"

"ஆமா சார்" என்றது என் வாய்.

"அதான பாத்தேன். இந்த வழவழப்பு நம்ம ஆளுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது."

அறிக்கை எழுதினார். அதை நான் என் அழகான கையெழுத்தில் பதிவேட்டில் ஏற்றினேன்: எஞ்சின் பாகங்கள், எம்.எம்.கே., இங்கிலாந்து. வைகுண்டராஜன் கையெழுத்துப் போட்டார். திருவனந்தபுரத்தில் இன்னும் இரண்டு பேர் மேலொப்பம் போட்டார்கள். எனக்கு நம்பர் கிடைத்தது. சொர்ணம் மார்கழித் தேருக்குக் காரில் போனாள். கடல் இல்லாத ஊரில் வள்ளம் எப்படி வந்தது என்று சுசீந்திரத்தில் சிலர் விசாரித்ததைத் தவிர, விசேஷம் ஒன்றும் இல்லை.

மீரா முகைதீனிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார்.

"நான் குளச்சலைத் தாண்டிக் கப்பல் ஏறினது இல்ல. எனக்க சாமான் சீமைக்குப் போய்ட்டு வந்துட்டு. கொள்ளாம்."

அத்தோடு முடிந்தது என்று இருவரும் நினைத்தோம்.

வண்டிக்காரர்களுக்குப் பதிவேடு என்பது பஞ்சாங்கம் மாதிரி. யார் எந்த எஞ்சினில் என்ன மாட்டினான் என்று விசாரித்துக்கொண்டே இருப்பார்கள். மரக்கூடு போட்ட ஒரு கிழட்டுக் கார் பறக்கை மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறுகிறது, உள்ளே இருப்பது எம்.எம்.கே. என்கிற ஒரு இங்கிலாந்துச் சாமான் என்று ஆறு மாதத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. குளச்சலுக்கு இரண்டு பஸ் விடுகிற ஜான்ரோஸ் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார்.

"எனக்கு எட்டு பிஸ்டன் வேணும் சாரே. எம்.எம்.கே.தான் வேணும். எங்க கிட்டும்?"

இங்கேயாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவரைக் கோட்டாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மீரா முகைதீன் அப்போதுதான் கடைந்து முடித்த ஒரு பிஸ்டனைக் கொடுத்தார். ஜான்ரோஸ் அதை வாங்கிப் பார்த்தார்.

"இது உள்ளூர் வேலைல்லா. எனக்கு எம்.எம்.கே. வேணும்."

"அதுதான் இது. நான்தான் எம்.எம்.கே." என்றார் மீரா முகைதீன். உளியை எடுத்து அவர் கண்முன்னாலேயே மூன்று எழுத்தையும் அடித்துக் காட்டினார்.

ஜான்ரோஸின் முகம் சிவந்துவிட்டது. "சீமைக் கம்பெனி முத்திரையை எனக்க முன்னாலயே அடிக்கியா காக்கா? கொஞ்சமாவது பயம் வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் அவருடைய புகார் மனு என் மேஜைக்கு வந்தது. இங்கிலாந்திலுள்ள கீர்த்தி பெற்ற எம்.எம்.கே. கம்பெனியாரின் முத்திரையைக் கோட்டாறு மீரா முகைதீன் என்பவர் கள்ளத்தனமாக அடித்து, மட்டமான உள்ளூர்ச் சரக்கை விற்றுப் பொதுமக்களின் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதாக எழுதியிருந்தது. அந்த மனுவில் குறை ஏதாவது கிடைக்காதா என்று நான் மூன்று மணி நேரம் தேடினேன். என் உத்தியோகத்தில் முதல் தடவையாக, குறையே இல்லாத ஒரு மனு வந்திருந்தது.

வைகுண்டராஜன் என்னைக் கூப்பிட்டார். "பதினஞ்சு நாளுக்குள்ள முத்திரையை உபயோகிச்சதுக்குக் காரணம் காட்டணும். இல்லேன்னா பட்டறையை அடைச்சு போலீஸுக்கு எழுதணும். நோட்டீஸ் தயார் செய்யும்."

தயார் செய்தேன். மீரா முகைதீனின் பெயரை என் கையாலேயே எழுதினேன். எழுதி முடித்த பிறகு அதை எடுத்துக்கொண்டு போகக் கால் வரவில்லை. இரண்டு நாள் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் கோட்டாற்றுக்குப் போய் அவர் கையில் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டினேன். அவர் லேத்தை நிறுத்தவில்லை.

"கள்ளத்தனமா அடிச்சதுன்னு சொல்லுகது எனக்க பேரைத்தானே?"

"ஆமா காக்கா."

"எனக்க பேரை நானே களவாண்டுட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "இந்தச் சக்கரத்தை உடனே கொண்டு போயிருவாங்களா சாரே? நெல் மில்லுக்காரனுக்கு ஒரு சோலி பாதில நிக்கி" என்று கேட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

மறுநாள் காலையில் வைகுண்டராஜன் முன்னால் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பரை, பீடி இலை, சக்கரம், என் வாய் திறந்து நின்றது, எல்லாம். உத்தியோகம் போனாலும் போகட்டும் என்று முடித்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பதிவேட்டை வரவழைத்துத் திறந்தார்.

"இது யாருக்க கையெழுத்து?"

"என்னுடையது சார்."

"இது?"

"உங்களுது."

"கீழே ரெண்டு?"

"திருவனந்தபுரத்துப் பெரியவங்க."

"நீரு சொல்லுகது உண்மைன்னு வச்சுக்கிடும். அப்ப நீரு பொய் எழுதியிருக்கேரு. நான் சோதனை செய்யாம ஒப்பம் போட்டிருக்கேன். மேல உள்ளவங்க வாசிக்காம மேலொப்பம் போட்டிருக்காங்க. சர்க்கார் ஊழியர் நாலு பேரு ஒரே சமயத்துல தப்புச் செய்திருக்கோம்னு ஆகுது. இல்லியா?"

"ஆமா சார்."

"இங்கிலாந்துல ஒரு கம்பெனி இருக்கதுக்கு எத்தனை பேரு தப்புச் செய்யணும்?"

யோசித்தேன். "யாரும் வேண்டாம் சார்."

"அப்ப எது நடந்திருக்கச் சாத்தியம் அதிகம்?"

இத்தனை வருஷம் நான் மற்றவர்களுக்குச் சொல்லிவந்த நியாயம்தான் அது. எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்கும்போதுதான் அதில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று தெரிகிறது.

வைகுண்டராஜன் யோக்கியர் மட்டுமல்ல, இரக்கம் உள்ளவரும்கூட. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு செய்யலாம். முத்திரையை அனுமதி இல்லாம அடிச்சாத்தான் குற்றம். அந்தக் கம்பெனி இவருக்கு அனுமதி குடுத்து ஒரு கடிதம் எழுதியிருந்தா, குற்றம் இல்ல. இவர் அவங்களுக்க ஏஜெண்டு ஆயிருவாரு. சுற்றறிக்கையும் பாதிக்காது. சாமான் வெளிநாட்டுக் கம்பெனிச் சாமான்தானே."

"கடிதத்துக்கு எங்க போக சார்?"

"கம்பெனிகிட்டதான் கேக்கணும்" என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டு.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில், கச்சேரி டைப்ரைட்டரில் நானே அடித்தேன். எம்.எம்.கே. கம்பெனியாராகிய நாங்கள், கோட்டாறு மீரா முகைதீன் அவர்களுடைய நாணயத்திலும் திறமையிலும் பூரண நம்பிக்கை கொண்டு, எங்கள் முத்திரையோடு எங்கள் பாகங்களை உற்பத்தி செய்ய இதனால் அவரை அதிகாரப்படுத்துகிறோம். நான் எழுதியதிலேயே பொய் இல்லாத சர்க்கார் காகிதம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மீரா முகைதீன் அதை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"நான் செய்யதை நான் செய்யலாம்னு, எனக்கு நானே அனுமதி குடுக்கேன். அப்படித்தானே சாரே?"

"அப்படித்தான் காக்கா."

"எனக்க மேல எனக்கு நம்பிக்கை உண்டுன்னும் எழுதியிருக்கா?"

"பூரண நம்பிக்கைன்னு எழுதியிருக்கு."

"இது நல்லா இருக்கு" என்றார். பள்ளிவாசலில் படித்த அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக, கீழே தன் பெயரை எழுதினார்.

வைகுண்டராஜன் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கையெழுத்தை உற்றுப் பார்த்தார். "வெள்ளைக்காரன் கையெழுத்தை எவனாலயும் வாசிக்க முடியாது" என்று சொல்லிக் கோப்பில் சேர்த்தார். நடவடிக்கை முடிவு பெற்றது.

ஜான்ரோஸ் வெற்றிலைத் தட்டோடு பட்டறைக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். "கம்பெனி ஏஜெண்டுன்னு முதல்லயே சொல்லப்படாதா மொதலாளி?" என்றார். அதுவரை காக்காவாக இருந்தவர் அன்றைக்கு மொதலாளி ஆனார். எட்டு பிஸ்டன் கேட்டவர் பதினாறாக வாங்கிக்கொண்டு போனார். மார்த்தாண்டத்திலிருந்தும் தக்கலையிலிருந்தும் ஆள் வந்தது. முதலில் வந்த இரண்டு மூன்று பேரிடம் மீரா முகைதீன், "இது நான் செஞ்சதுதான்" என்று சொல்லிப் பார்த்தார். அவர்கள் பிஸ்டனைக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு சொல்வதை விட்டுவிட்டார். சொல்லாமல் இருப்பதற்கு மெழுகுத் தாளும் அட்டைப் பெட்டியும் உதவியாக இருந்தன. பட்டறைக்குக் கரண்டு வந்தது. மோட்டார் வைத்த புது லேத்து வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சக்கரம் சுற்ற என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

1956 நவம்பர் ஒன்றாம் தேதி எங்கள் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. கோப்புகள் கட்டுக்கட்டாகக் கைமாறின. எதிலும் ஒரு திருத்தமும் வேண்டியிருக்கவில்லை. எம்.எம்.கே. இங்கிலாந்துக் கம்பெனி என்பது அன்று முதல் இரண்டு ராஜ்யங்கள் ஒப்புக்கொண்ட விஷயம் ஆயிற்று.

அந்த மாதக் கடைசியில் ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு எதிராகக் காரை விரட்டியபோது, உள்ளே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. ஒரு பிஸ்டன் வெடித்துவிட்டது. சொர்ணத்தைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் கோட்டாற்றுக்குப் போனேன்.

மீரா முகைதீன் அளவைக் கேட்டார். உள்ளே போய் இரண்டு பிஸ்டன்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒன்று வெறுமனே இருந்தது, முத்திரை இல்லை. மற்றது மெழுகுத் தாளில் சுற்றிப் பெட்டிக்குள் இருந்தது.

"ரெண்டும் ஒரே உருக்கு சாரே. ஒரே நாள்ல கடைஞ்சது. அடையாளம் அடிக்காததை விலை குறைச்சு வச்சிருக்கேன். இதுவரை ஒருத்தனும் வாங்கல்ல. உமக்கு எல்லாம் தெரியும். எது வேணும்?"

எனக்கு எல்லாம் தெரியும்தான். அந்த அலுமினியம் உருகுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அந்தக் கம்பெனியின் கடிதத்தை டைப் அடித்தவன் நான். இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரே கனம். ஒரே வழவழப்பு. வெறும் பிஸ்டனை எடுத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். பிறகு பறக்கை மேடு ஞாபகம் வந்தது. நட்டாற்றில், அதாவது நடு ரோட்டில், சொர்ணத்தோடு நின்றால் என்ன ஆகும் என்று நினைத்தேன். எதற்கு வம்பு என்று தோன்றியது.

என் கை பெட்டியை எடுத்தது.

தலை நிமிர எனக்கு வெட்கமாக இருந்தது. "பதிவேட்டுல அப்படித்தானே இருக்கு காக்கா, நாளைக்கு யாராவது சோதிச்சா..." என்று ஏதோ சொன்னேன்.

மீரா முகைதீன் அந்த வெறும் பிஸ்டனை எடுத்துத் துணியால் துடைத்து, மறுபடி அலமாரியில் வைத்தார்.

"வருத்தப்படாதேயும்" என்றார். "போன வாரம் எனக்க தோப்புல ஆயில் எஞ்சின் நின்னுபோச்சு. ஒரு பிஸ்டன் மாத்த வேண்டியிருந்து. இந்த அலமாரிக்கு முன்னால நானும் நின்னேன்."

"எதை எடுத்தீங்க?"

அவர் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

"பெட்டியில உள்ளதைத்தான்."